ராட்டை முன் கிரெட்சென்
ஃபிரான்ஸ் ஷூபர்ட், வியன்னா, 1814

இதை எழுதியபோது ஷூபர்ட்டுக்கு வயது 17. சொற்கள் கதேயின் ‘ஃபவுஸ்ட்’ நாடகத்தில் உள்ளவை: காதலனை நினைத்து நிம்மதி இழந்த பெண், நூல் நூற்றபடியே தனக்குள் பேசிக்கொள்கிறாள்.

இங்கே பியானோவை வெறும் பக்கவாத்தியம் என்று ஒதுக்க முடியாது. வலது கை சக்கரமாகச் சுழல, இடது கை மிதிகட்டையாகத் தட்டிக்கொண்டே இருக்கிறது. அவனுடைய முத்தம் நினைவுக்கு வந்ததும் குரல் மேலேறி நிற்கிறது. ராட்டையும் சட்டென்று நின்றுவிடுகிறது. மறுபடி சுழலத் தொடங்குவதும் ஒரேயடியாக அல்ல, விட்டுவிட்டு, தயங்கித் தயங்கித்தான். அவள் மனத்தை நமக்குச் சொல்வது அந்தத் தடுமாற்றமே. பாட்டின் ஆகச்சிறந்த இடமும் அதுதான்.

1821இல் ‘ஓபஸ் 2’ என்ற எண்ணுடன் அச்சானது.