வாயடைத்த எச்சரிக்கை

கோட்டுச்சேரிமேட்டில் பெய்யும் மழையைக் கூட்ட ஒரு புரோகிராம் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மழைமானியின் அளவு வந்த நாளில் மட்டுமே ‘மழை’ என்னும் மாறி மதிப்புப் பெறும். வராத நாளில்? கம்பைலர் அதைத்தான் கேட்டு எச்சரிக்கிறது. தொல்லை விட்டதென்று, மாறியை அறிவிக்கும்போதே மழை = 0 என எழுதிவிட்டால் எச்சரிக்கை மறையும். ஆனால் மானி பழுதான ஐப்பசி நாளும் மழையற்ற நாளாகவே பதிவாகும். கம்பைலரும் இனி வாய் திறவாது! ‘அளவு இல்லை’ என்பதற்குத் தனிக்குறி வைத்து, கூட்டுமுன் சோதிப்பதே முறை.

2006-இல் டெபியனில் இதையொத்த ஒன்று நடந்தது. வால்கிரிண்ட் சோதனைக் கருவியின் எச்சரிக்கையை அடக்க ஓப்பன்எஸ்எஸ்எல்லில் இரண்டு வரிகளை நீக்கினர். சமவாய்ப்பு எண்களுக்கான கலவையே அதனால் அற்றுப்போயிற்று. எஞ்சியது இயங்கும் புரோகிராமின் வரிசை எண் மட்டும். அது அப்போது 32,768-க்குள் அடங்கியது. 2008 மே மாதம் லூசியானோ பெல்லோ கண்டுபிடித்தது வெளியாகும்வரை, ஒவ்வொரு வகைப் பூட்டுக்கும் ஏறத்தாழ அத்தனை சாவிகளே இருந்தன.