நாளைக்கு எந்தப் பருப்பு?

சென்ற ஆண்டு வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்வதற்காக எங்கள் சேமிப்புக் கணக்கின் ஓராண்டு அறிக்கையை அச்சிட்டு எடுத்தேன். வட்டி வரவு எவ்வளவு என்று பார்ப்பதே நோக்கம். ஆனால் கண்கள் வேறோர் இடத்தில் நின்றுவிட்டன. ஒரே உணவு விநியோகச் செயலியின் பெயர் பக்கத்துக்கு நான்கைந்து முறை வந்திருந்தது. 340 ரூபாய், 415 ரூபாய், 280 ரூபாய், மறுபடி 415 ரூபாய். பென்சிலால் கோடிட்டுக் கூட்டிப் பார்த்தபோது ஆண்டுத் தொகை 58,000 ரூபாயைத் தாண்டியது. அதே ஆண்டு ஆகஸ்டில்தான் மகனின் பயிற்சி வகுப்புக் கட்டணத்துக்காக 50,000 ரூபாய் வைப்புத்தொகை ஒன்றை முதிர்வுக்கு முன்பே முறித்திருந்தோம்.

அந்த 58,000 ரூபாயில் பிறந்தநாள் விருந்தோ, உறவினர் வருகையோ ஒன்றுகூட இல்லை. எல்லாம் சாதாரண வார நாள்கள். அலுவலகத்திலிருந்து களைத்துத் திரும்பி, 'இன்றைக்கு என்ன செய்வது?' என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்ட மாலைகள். சமையலறையில் பொருள் இல்லாத நாள் அவற்றில் ஒன்றும் இல்லை. அரிசி இருந்தது, கோதுமை மாவு இருந்தது, நான்கு வகைப் பருப்பு டப்பாக்களில் இருந்தது. முடிவு மட்டும்தான் இல்லை.

இது எங்கள் வீட்டின் கதை மட்டுமன்று. மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் 2022-23ஆம் ஆண்டுக் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, நகரக் குடும்பங்களின் மாதச் செலவில் ஏறத்தாழ 39 சதவீதம் உணவுக்குச் செல்கிறது. அதனுள் அரிசி, கோதுமை போன்ற தானியங்களின் பங்கு 4 சதவீதத்துக்கும் குறைவு. பானங்கள், பதப்படுத்திய உணவு, வெளியே வாங்கும் சமைத்த உணவு ஆகியவை அடங்கிய பிரிவின் பங்கோ 10 சதவீதத்துக்கு மேல். மளிகைக் கடையில் அரிசி கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைவாகக் கிடைக்குமா என்று பேரம் பேசும் நாம், பணம் கசியும் இடத்தைப் பார்ப்பதில்லை என்றே இதிலிருந்து எனக்குத் தோன்றியது.

முதலில் நாங்கள் செய்தது எல்லோரும் செய்வதுதான். ஏழு நாள்களுக்கும் காலை, மதியம், இரவு என்று அட்டவணை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினோம். பத்து நாள்கூட அது தாங்கவில்லை. செவ்வாய்க்கிழமைக்கு வெண்டைக்காய் என்று எழுதியிருக்கும். சந்தையில் அன்று வெண்டைக்காய் முற்றியிருக்கும். பிறகு அட்டவணையைக் கிழித்துவிட்டு ஒரே ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டோம். இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும்போது 'நாளைக்கு எந்தப் பருப்பு?' என்பதை முடிவு செய்ய வேண்டும்; ஊறவைக்க வேண்டியதாயின் அப்போதே ஊறவைக்க வேண்டும். காய் எது, சோறா சப்பாத்தியா என்பதெல்லாம் மறுநாளின் வசதி. ஊறிய கடலை ஒரு கிண்ணம் வீட்டில் காத்திருக்கும்போது, கைப்பேசியில் உணவு தேட மனம் வருவதில்லை. ஊறவைத்ததை வீணாக்க யாருக்கும் துணிவில்லை.

பருப்பை மையமாகக் கொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. தானியப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைய. பருப்பில் குறையும் மெத்தியோனின் தானியத்தில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களும் தானியம் மூன்று பங்குக்குப் பருப்பு ஒரு பங்கு என்ற அளவைப் பரிந்துரைக்கின்றன. இந்த அறிவியல் தெரியாத காலத்திலேயே நாட்டின் ஒவ்வொரு பகுதி ஏழை வீடும் இந்தக் கணக்கைத் தன் அடுப்பில் போட்டு முடித்திருக்கிறது.

பணியிட மாற்றம் காரணமாக நாங்கள் நாக்பூர், புவனேசுவரம், பாட்னா என்று மூன்று ஊர்களில் குடியிருந்துவிட்டு இப்போது தில்லியில் இருக்கிறோம். அங்கெல்லாம் பக்கத்து வீடுகளில் கற்ற சமையல்தான் இன்று கைகொடுக்கிறது.

நாக்பூரில் மேல்வீட்டுக் காகு சொல்லித்தந்தது பிட்லா. வீட்டில் காய்கறி எதுவும் இல்லாத நாளுக்கென்றே பிறந்த உணவு அது. கடுகு, சீரகம், பூண்டு, பச்சை மிளகாய் தாளித்து, வெங்காயம் வதக்கி, மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கடலை மாவைக் கட்டியில்லாமல் கரைத்து அதில் விட்டுக் கிளறினால் 15 நிமிடத்தில் முடிந்துவிடும். சோள ரொட்டியோடு உண்பது அவ்வூர் வழக்கம். சோற்றோடும் நன்றாகவே சேரும். இன்னும் கெட்டியாகக் கிளறினால் அதுவே ஜுன்கா. 1995இல் மகாராஷ்டிர அரசு ஒரு ரூபாய்க்கு ஜுன்காவும் ரொட்டியும் வழங்கும் திட்டம் தொடங்கியபோது, கடலை மாவும் சோளமுமே அதற்குப் போதுமானவையாக இருந்தன.

புவனேசுவரத்தில் எதிர்வீட்டு மாவுசியிடம் கற்ற டால்மா எங்கள் சாம்பாருக்கு ஒன்றுவிட்ட சகோதரி எனலாம். ஆனால் புளி இல்லை, அரைத்துவிடும் வேலையும் இல்லை. துவரம்பருப்போடு பூசணி, வாழைக்காய், பச்சைப் பப்பாளி, கத்தரிக்காய் என்று கைக்குக் கிடைத்ததைப் பெரிய துண்டுகளாக நறுக்கிப் போட்டு, மஞ்சளும் இஞ்சியும் சேர்த்து ஒன்றாக வேகவைக்க வேண்டும். சிறிது நெய்யில் சீரகமும் காய்ந்த மிளகாயும் தாளித்து, இறக்கியபின் வறுத்துப் பொடித்த சீரக மிளகாய்ப் பொடியைத் தூவ வேண்டும். கோயில் மரபையொட்டி வெங்காயமும் பூண்டும் இல்லாமலே செய்கிறார்கள். வெங்காய விலை ஏறும் மாதங்களில் இந்த மரபின் அருமை நன்கு விளங்கும். கூட்டு தனியாக, பொரியல் தனியாக என்று இரண்டு அடுப்பு எரிக்க வேண்டாம். ஒரே பாத்திரத்தில் பருப்பும் காயும் வந்துவிடுகின்றன.

பாட்னாவில் கண்டது சத்து மாவு. நம் ஊரில் பல தானியங்கள் கலந்த மாவைச் சத்து மாவு என்கிறோம். அங்கே 'சத்து' என்றால் வறுத்த கடலையை அரைத்த மாவு. உப்பு, எலுமிச்சைச் சாறு, பொடியாக நறுக்கிய வெங்காயம் சேர்த்துத் தண்ணீரில் கரைத்தால் அடுப்பே தேவைப்படாத காலை உணவு. அதையே பூண்டு, ஓமம், கடுகெண்ணெய் கலந்து பிசைந்து சப்பாத்தி மாவுக்குள் அடைத்துச் சுட்டால் மகனின் மதிய உணவு டப்பா நிறைந்துவிடுகிறது. உருளைக்கிழங்கு அடைத்ததைவிட நெடுநேரம் பசி தாங்குகிறது என்பது அவனுடைய சான்று.

இவ்வளவுக்கும் மூத்தது கிச்சடி. அக்பர் காலத்து அயினி அக்பரியில் இதன் செய்முறை இருக்கிறது. அரிசி, பருப்பு, நெய் மூன்றும் சம எடை என்கிறது அது. அரண்மனைக்குச் சரி, நம் வீட்டுக்கு நெய் ஒரு மேசைக்கரண்டி போதும். நால்வருக்கு 300 கிராம் அரிசி, 100 கிராம் பாசிப்பருப்பு, 300 கிராம் கலந்த காய் என்று வைத்துக்கொள்வோம். அரிசி கிலோ 60 ரூபாய், பருப்பு 120, காய் 50 என்ற விலையில் முறையே 18, 12, 15 ரூபாய் ஆகிறது. நெய், தாளிப்பு, எரிவாயு எல்லாவற்றுக்குமாக 20 ரூபாய் சேர்த்தால் மொத்தம் 65 ரூபாய். உங்கள் ஊர் விலை இதற்குக் கூடவோ குறையவோ இருக்கலாம்; ஒருமுறை தாளில் போட்டுப் பாருங்கள். தட்டு ஒன்றுக்குச் சுமார் 11 கிராம் புரதமும் கிடைக்கிறது. ஒரு கிண்ணம் தயிரோ, அவித்த முட்டையோ வைத்தால் இன்னும் நன்று.

ஊறவைப்பதில் சில நுட்பங்கள் உண்டு. இரவு ஊறப்போட்ட கொண்டைக்கடலையை மறுநாள் மாலை வரை அப்படியே விட்டால் கோடையில் புளித்துவிடும். காலையில் தேநீர் போடும் நேரத்திலேயே பிரஷர் குக்கரில் வேகவைத்து, ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுவது நல்லது. மாலையில் மசாலா சேர்க்கும் வேலை மட்டுமே மிஞ்சும். ராஜ்மா மட்டும் தனிக் கவனம் கேட்கிறது. அதில் இயல்பாகவே உள்ள லெக்டின் என்னும் பொருள் அரைவேக்காட்டில் வயிற்றுக்குக் கேடு செய்யும். ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதிய நீரில், விரலால் நசுக்கினால் குழையும் அளவுக்கு வேகவைக்க வேண்டும். ஊறவைக்க மறந்த நாள்களும் வரத்தான் செய்யும். அதற்காகவே மசூர்ப்பருப்பு ஒரு கிலோ எப்போதும் வைத்திருக்கிறோம். ஊறாமலே 20 நிமிடத்தில் திறந்த பாத்திரத்திலேயே வெந்துவிடும்.

எண்ணெய்க்கு வருவோம். மேற்சொன்ன வழிகாட்டுதல்கள் நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்குக் காட்டும் அளவு 27 கிராம் கொழுப்பு. நால்வருக்கு மாதம் சுமார் 3.2 கிலோ, அதாவது மூன்றரை லிட்டர்; நெய்யும் இதற்குள் அடக்கம். எங்கள் வீட்டில் ஐந்து லிட்டர் செலவாகிக்கொண்டிருந்தது. இப்போது மாதத் தொடக்கத்தில் மூன்று லிட்டர் மட்டும் வாங்குகிறோம். தீர்ந்தால் மாத இறுதியில் அப்பளம் சுட்டு உண்ணப்படும். வாங்கும்போது உறையில் எடையையும் பாருங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம் எடையுள்ளது. அதே அளவில் தோன்றும் சில உறைகளில் 850 கிராமோ, அதற்கும் குறைவாகவோதான் இருக்கிறது. விலையை அல்ல, கிலோவுக்கு என்ன விலை என்பதையே ஒப்பிட வேண்டும்.

மிஞ்சியதைக் கையாள்வதிலும் நாட்டுக்கு நாடு நுட்பம் இருக்கிறது. மிஞ்சிய சோற்றில் நீரூற்றிப் பழையதாக்குவது நமக்குத் தெரியும். ஒடிசாவில் அதுவே பகாலா, மார்ச் 20ஆம் நாளை அதற்கென்று கொண்டாடவும் செய்கிறார்கள். குஜராத்தில் மிஞ்சிய சப்பாத்தியைத் துண்டாக்கித் தாளித்த மோரில் கொதிக்கவிட்டு மறுநாள் காலை உணவாக்குகிறார்கள். வங்காளத்தில் சுரைக்காயின் தோலைச் சீவி மெல்லியதாக நறுக்கி வதக்கிவிடுகிறார்கள். பீர்க்கந்தோல் துவையல் அரைக்கும் நமக்கு அது புதிதன்று. காலிஃபிளவரின் தண்டை எறிந்து வந்தோம். இப்போது அது டால்மாவுக்குள் போகிறது.

இவ்வளவும் எளிதாக நடந்ததென்று சொல்லிவிட முடியாது. முதல் மாதம் மகன், "அம்மா, தினமும் பருப்பா?" என்று முகம் சுளித்தான். ராஜ்மாவையும் புளிப்பான மோரில் கடலை மாவு கரைத்துச் செய்யும் கடியையும் அவன் விருப்பமாக ஏற்றுக்கொண்ட பிறகுதான் வீடு அமைதியானது. ஊறவைக்கும் பொறுப்பை வாரத்தில் மூன்று நாள் அவனுக்கே கொடுத்தோம். சமையல் ஒருவர் தலையில் மட்டும் விழும் வீட்டில் எந்தச் சிக்கனமும் நீடிக்காது. களைத்தவர் கைதான் முதலில் கைப்பேசிக்குப் போகும்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வெளியில் வாங்கும் உணவுக்கு மாதம் சராசரியாக 4,800 ரூபாய் போயிற்று. இப்போது மாதம் இரண்டு சனிக்கிழமைகள் மட்டும் வாங்குகிறோம். அதற்கு 1,200 ரூபாய் ஆகிறது. பருப்பும் காயும் கூடுதலாக வாங்குவதால் மளிகைச் செலவு 900 ரூபாய் ஏறியிருக்கிறது. எஞ்சும் 2,700 ரூபாயில் 2,500 ரூபாய், சம்பளம் வரவான மறுநாளே தொடர் வைப்புக் கணக்குக்குத் தானாகவே சென்றுவிடும்படி ஆணை கொடுத்திருக்கிறோம். மாத இறுதியில் மிஞ்சுவதைப் போடலாம் என்று முதல் இரண்டு மாதம் காத்திருந்தோம், ஒன்றும் மிஞ்சவில்லை.

முறித்த வைப்புத்தொகை மறுபடி 50,000 ரூபாயாக நிறைய 20 மாதங்கள் ஆகும். இதுவரை ஏழு தவணைகள் போயிருக்கின்றன. இன்றிரவு ஊறுவது கறுப்புக் கொண்டைக்கடலை, போட்டது மகன். ஒரு கைப்பிடி அதிகமாகவே போட்டிருக்கிறான், காலையில் சுண்டலுக்கு எடுத்துக்கொள்வானாம்.