குறைத்த எடையைக் காத்தல்

எடையைக் குறைப்பதினும், குறைத்ததைக் காத்தலே அரிது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரவுப் பணியும் பகல் உறக்கமுமாக உழைப்போர், அரும்பாடுபட்டுக் குறைத்த எடையைச் சில திங்களில் மீண்டும் பெறுதலைக் காண்கிறோம். இதனை மனவுறுதிக் குறைவென நாம் பழித்தல் முறையன்று. எடை குறைந்ததும், நிறைவுணர்வு தரும் லெப்டின் குன்றுகிறது; பசியைத் தூண்டும் கிரெலின் மிகுகிறது. ஓராண்டு கழிந்தும் இம்மாற்றம் நீங்காமையை 2011இல் வெளிவந்த மெல்போர்ன் ஆய்வு காட்டிற்று.

எனின், அடுத்த இலக்கு யாது? சென்னையில் மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை ஆராய்ந்து 2006இல் முடிவுகளை வெளியிட்டனர். சிறப்பு அறிவுரை பெறாதோரை நோக்க, உணவு ஒழுங்கும் நடைப்பயிற்சியும் மேற்கொண்டோரிடம் நீரிழிவு 28.5 விழுக்காடு குறைந்திருந்தது. வியப்பு யாதெனில், அவர்தம் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவேயில்லை! எடைக்கருவியின் முள்ளையே நோக்கி வருந்தும் நம்மனோர்க்கு இஃது ஆறுதலன்றோ?

ஆதலின், நாள்தோறும் அரைமணி நேர நடையை முதல் இலக்காகக் கொள்வோம். இடுப்புச் சுற்றளவு ஆடவர்க்கு 90, மகளிர்க்கு 80 சென்டிமீட்டருக்குள் அமைதல் நன்று. இரவுப் பணியாளர்க்கு அரைமணி ஏது என்பார் உளர். ஆலைப் பேருந்து நிற்குமிடம்வரை நடந்தே செல்லலாம். இரத்தச் சர்க்கரையையும் ஆண்டுதோறும் பார்த்துக் குறித்து வைப்போம்.