மின்சாரம் போனதும் சோலார் பேட்டரியும் நிற்பது ஏன்?

2021ஆம் ஆண்டில் வீடுகளுக்கான நெம் ரக்யாட் திட்டம் தொடங்கிய பின், கிள்ளான் பள்ளத்தாக்கின் தரை வீடுகளில் கூரைச் சோலார் பழகிப்போன காட்சியாகிவிட்டது. இடிமழையில் மின்சாரம் துண்டிக்கப்பட்டாலும் விளக்கு எரிய வேண்டும் என்று சிலர் பேட்டரியும் வைத்துக்கொள்கின்றனர். ஆனால், மின்சாரம் போன சில நிமிடங்களில் அந்தப் பேட்டரியும் 'ஓவர் கரண்ட்' என்று காட்டி நின்றுவிடுவது உண்டு.

பல மாதங்கள் ஒழுங்காக ஓடிய பேட்டரி அந்நேரத்தில் மட்டும் ஏன் நிற்கிறது? தெனாகா மின்சாரம் இருக்கும்வரை, பற்றாக்குறையை அதுவே ஈடுகட்டிவிடும். அது போனதும் முழுச் சுமையும் பேட்டரியின் தலையில் விழுகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 5 கிலோவாட் இன்வெர்ட்டர் முழு அளவில் ஓடினால், 230 வோல்ட் பக்கத்தில் ஏறக்குறைய 22 ஆம்பியர்தான். அதே ஆற்றலை 51.2 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுத்தால் 98 ஆம்பியர்; இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 100ஐத் தாண்டும். பேட்டரிக்குள் காவல் காக்கும் பி.எம்.எஸ். கருவியின் எல்லை 100 ஆம்பியர் என்றால், அது இணைப்பைத் துண்டித்துவிடும். 3.6 கிலோவாட் குளியலறை ஹீட்டரும் 2 கிலோவாட் கெட்டலும் ஒன்றாக ஓடினாலே 5.6 கிலோவாட் ஆகிவிடுகிறது.

எனவே, முதலில் கவனிக்க வேண்டியது எப்போது நிற்கிறது என்பதுதான். திரையில் தெரியும் பிழைக் குறியீட்டையும், அப்போது ஓடிய சாதனங்களையும் குறித்து வையுங்கள்.

ஹீட்டர் போட்டதும் நின்றால், அது சுமைப் பிரச்சினை. ஹீட்டர், அடுப்பு போன்றவற்றை பேட்டரி இணைப்பிலிருந்து பிரித்துவிடலாம். பழைய வகை ஏர்கோன் அல்லது நீர் பம்ப் தொடங்கும் நொடியில் நின்றால், மோட்டார் தொடக்கத்தில் இழுக்கும் பல மடங்கு மின்னோட்டமே காரணமாக இருக்கலாம். நல்ல வெயிலில் சார்ஜ் ஆகும்போது நின்றால், இன்வெர்ட்டரில் வைத்துள்ள சார்ஜ் அளவு பேட்டரியின் எல்லையைவிடக் கூடுதலா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பேட்டரிகளை இணையாகப் பொருத்தி, கேபிள் நீளம் வேறுபட்டால், ஒன்று அதிகம் சுமந்து முதலில் நிற்கும். பிறகு மற்றதும் தாங்காமல் நிற்கும். எந்தச் சுமையும் இல்லாமலே நின்றால், ஷார்ட் சர்க்கியூட் இருக்கக்கூடும். மீண்டும் மீண்டும் போட்டுப் பார்க்கக் கூடாது.

அடிக்கடி போகிறதே என்று பெரிய பியூஸ் மாற்றுவதுதான் மிக ஆபத்தான செயல். பியூஸ் காப்பது கேபிளை. பியூஸ் பெரிதானால், அது அறுவதற்கு முன் கேபிள் சூடேறித் தீப்பிடிக்கலாம். வீட்டு ஏசி பிரேக்கரையும் பேட்டரிப் பக்கத்தில் போடக்கூடாது. ஏசி மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் தீப்பொறி எளிதில் அணைகிறது. டிசியில் அப்படி இல்லை, தீப்பொறி தொடர்ந்து எரியும். அதற்கென்றே செய்த டிசி பிரேக்கர் அல்லது பியூஸ் வேண்டும்.

சுமையைக் குறைப்பது வீட்டுக்காரர் செய்யக்கூடியது. பெட்டியைத் திறந்து கேபிள் முனைகளை இறுக்குவது, எல்லைகளை மாற்றுவது எல்லாம் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின் குத்தகையாளரின் வேலை. பேட்டரி வீங்கினாலோ, கருகிய வாடை அல்லது புகை வந்தாலோ, அருகில் போகாமல் குடும்பத்தோடு வெளியேறி 999க்கு அழையுங்கள்.