கல்லைப் படிக்க இருவர் வேண்டும்

எகிப்துக்கோ அங்கோர்வாட்டுக்கோ உடன்பிறந்தவரோடு போக நினைப்பவர்கள், முதலில் கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தைப் பார்ப்பது நல்லது. 1814-இல் தொடங்கிய அந்த அருங்காட்சியகத்தில் எகிப்திய மம்மியும் உண்டு. 1873-இல் தொல்லியலாளர் கன்னிங்காம் மத்திய இந்தியாவில் கண்டெடுத்த பார்ஹுத் பௌத்தத் தூபியின் கல்வேலியும் உண்டு. அந்த வேலியில் ஆட்கள் வண்டியிலிருந்து காசுகளை இறக்கித் தரையில் பரப்பும் காட்சி ஒன்று இருக்கிறது. அனாதபிண்டிகர் என்ற வணிகர் ஒரு தோப்பு முழுவதும் காசு பரப்பி, அதைப் புத்தருக்காக விலைக்கு வாங்கிய கதை அது. பிராமி எழுத்தில் விளக்கமும் பொறித்திருக்கிறார்கள். நம்மில் பெரும்பாலோருக்கு அந்த எழுத்து தெரியாது. எடுத்துச் சொல்ல ஆள் இல்லையென்றால் அது வெறும் கல்தான்.

வழிகாட்டி அவசரப்படுத்துவார், கட்டுக்கதையும் கலப்பார் என்பது நியாயமான குறை. அதற்காக அவரைத் தவிர்க்க வேண்டியதில்லை. முன்கூட்டியே படித்துவிட்டுப் போய்க் கேள்வி கேட்டால் போதும். இங்கேதான் உடன்பிறந்தவர் உதவுகிறார். ஒருவர் தவறவிட்டதை மற்றவர் கவனிப்பார். ஒருவர் நம்பியதை மற்றவர் கூச்சமில்லாமல் மறுப்பார். சண்டைதான் மிஞ்சும் என்பவர்களும் உண்டு. ஆனால் வாதிட்டுப் பார்த்த சிற்பம் எளிதில் மறக்காது. விமானச்சீட்டு எடுக்குமுன், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் அமராவதிச் சிற்பங்களிலிருந்தே இந்தப் பழக்கத்தைத் தொடங்குங்கள்.