மீகாமனும் சுக்கானும்: பல்கூறு மென்பொருளை நிறுவுதலில் ஹெல்மின் பங்கும் எல்லையும்

முன்னுரை

2018-19 கல்வியாண்டில் வெளிவந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் இடம்பெற்றன. ராயப்பேட்டையில் ஒரு மாணவி அக்குறியீட்டைத் தீக்ஷா செயலியால் வருடினால் பாடத்திற்குரிய காணொளி திறக்கும். தீக்ஷாவின் அடித்தளமான சன்பேர்டு என்னும் திறமூல மென்பொருள் ஒற்றை நிரலன்று. இணைய முகப்பு, பயனர் சேவை, உள்ளடக்கச் சேவை முதலிய நுண்சேவைகளும் கேசாண்ட்ரா, எலாஸ்டிக்செர்ச், காஃப்கா போன்ற துணை மென்பொருள்களும் இணைந்த தொகுதி அது. ஒரு கூறு பிழைபட நிறுவப்பட்டாலும் மாணவிக்குக் காணொளி கிட்டாமற் போகலாம். சன்பேர்டின் நிறுவற் கோப்புகளில் ஹெல்ம் சார்ட்டுகள் இடம்பெறுவதன் காரணத்தையும் அம்முறையின் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

குபெர்னெட்டிஸ்

மீகாமனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே குபெர்னெட்டிஸ். கூகுள் 2014இல் அறிமுகப்படுத்திய இம்மென்பொருளின் 1.0 பதிப்பு 2015இல் வெளிவந்தது. கொள்கலன்களில் அடைக்கப்பட்ட சேவைகளை இது பல கணினிகளில் பகிர்ந்து இயக்குகிறது. ஒரு சேவைக்கு மூன்று படிகள் வேண்டும் என அறிவித்தால், ஒன்று செயலிழக்கும்போது மற்றொன்றைத் தானே தொடங்கும். ஆயினும் ஒவ்வொரு கூறுக்கும் பல அறிவிப்புக் கோப்புகள் தேவை. சோதனைச் சூழலுக்கும் பயன்பாட்டுச் சூழலுக்கும் அவற்றைத் தனித்தனியே படியெடுத்துத் திருத்தும்போது பிழைகள் நுழைகின்றன.

ஹெல்ம் சார்ட்

ஹெல்ம் என்பது கப்பலின் சுக்கானை இயக்கும் அமைப்பு. சார்ட் என்பது கடல் வரைபடம். இப்பெயர்களைத் தாங்கிய இக்கருவி, மாறாதவற்றை வார்ப்புருக்களாகவும் மாறுவனவற்றை மதிப்புக் கோப்பாகவும் பிரிக்கிறது. படிகளின் எண்ணிக்கை, தரவுத்தள முகவரி, கொள்கலன் பதிப்பு ஆகியன மதிப்புக் கோப்பில் அமையும். எனவே சூழல் மாறினால் அக்கோப்பை மட்டும் மாற்றினால் போதும். சார்ந்திருக்கும் பிற சார்ட்டுகளையும் ஒரே தொகுப்பில் குறிப்பிடலாம். ஒவ்வொரு நிறுவலும் எண்ணிட்டுப் பதிவாவதால், புதிய பதிப்பு பழுதானால் முந்தைய எண்ணுக்கு மீளலாம்.

எல்லை

இம்மீட்சி அறிவிப்புக் கோப்புகளுக்கு மட்டுமே உரியது. புதிய பதிப்பு தரவுத்தள அட்டவணைகளை மாற்றியிருந்தால் ஹெல்ம் அவற்றை மீட்காது; பழைய நிரல் மாறிய தரவைப் படிக்க இயலாமல் திணறும். ஆதலின் தரவுக் காப்புப்படி தனியே எடுக்கப்படல் வேண்டும்.

முடிவுரை

ஒரு பொறியாளரின் நினைவில் மட்டும் இருந்த நிறுவல் அறிவை, பிறர் படித்துச் சரிபார்க்கத்தக்க எழுத்தாக்குவதே ஹெல்மின் சிறப்பு. பொதுக்கல்வி போன்ற பணிகளில், பொறியாளர் மாறினும் சேவை தடையின்றித் தொடர இது துணைபுரியும். தரவைக் காக்கும் பொறுப்போ மனிதரிடமே எஞ்சுகிறது.