மின்தபாலின் சோதனைச்சாவடி

ஜூஜூவாடிச் சோதனைச்சாவடியில் சரக்கு லாரிகள் வரிசைகட்டி நின்றதைப் பார்த்திருக்கும் ஓசூர்க்காரருக்கு, சிப்காட் தொழிற்பேட்டையிலுள்ள ஒரு சிறு பட்டறையின் மின்னஞ்சல் சர்வரில் வைரஸ் வடிகட்டி ஆற்றும் காரியத்தை விளங்கவைப்பது பெரிய சிரமமன்று. வந்த அஞ்சலைச் சர்வர் நேரே பெட்டியில் இட்டுவிடாமல் வடிகட்டியிடம் நீட்டுகிறது. அது இணைப்பைப் பிரித்து, ஜிப்பாக இருந்தால் அதையும் அவிழ்த்து, தெரிந்த வைரஸ்களின் அடையாளப் பட்டியலோடு ஒப்பிட்டு, குற்றமில்லை என்று சொன்ன பிறகே உள்ளே விடுகிறது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் மணிலாவிலிருந்து புறப்பட்ட ‘ஐ லவ் யூ’, காதல் கடித வேஷம் தரித்து உலகைச் சுற்றிய பின்னர், இந்தச் சாவடியின் அவசியத்தைப் பற்றி எவரும் தர்க்கம் செய்வதில்லை.

தர்க்கம் வேறிடத்தில்: காவலனே மயங்கி விழுந்தால் கதவு திறந்திருப்பதா, மூடிக்கொள்வதா? 2010 ஏப்ரல் 15 அன்று, ‘கிளாம் ஏவி’ என்னும் இலவச வடிகட்டியைப் பராமரிப்போர், மாதக்கணக்கில் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு, 0.94-ஆம் பதிப்பையும் அதற்கு முந்தியவற்றையும் செயலிழக்கச் செய்யும் விசேஷ அடையாளமொன்றைப் பட்டியலோடு அனுப்பிவைக்க, அறிவிப்பைப் படியாத நிர்வாகிகளின் சர்வர்களில், வடிகட்டியின் சம்மதமின்றி எதையும் விடாத ஏற்பாடு இருந்த இடங்களிலெல்லாம், தபால் தேங்கிப்போயிற்று.

இதே கிளாம் ஏவியை வைத்திருந்த, எனக்குப் பழக்கமான பட்டறை ஒன்றில் தினந்தோறும் முற்பகலில் பர்சேஸ் ஆர்டர் வருவது நின்றுபோகும். “லைன் சரியில்லை சார்” என்று முதலாளி நெட்காரரைத் திட்டுவார். சர்வரின் நிகழ்வுப் பதிவான லாக்கைத் திறந்தபோது நேரம் காட்டிக்கொடுத்தது: புதிய பட்டியல் வந்திறங்கும் அதே நிமிஷம்! பட்டியல் மெமரியில் ஏறக்குறைய ஒரு ஜிபி இடம் பிடிக்கும். புதியதை ஏற்றி முடிக்கும்வரை பழையதையும் கைவிடாதிருப்பது கிளாம் ஏவியின் இப்போதைய சுபாவம். ஆகவே 2 ஜிபி மட்டுமே உள்ள சர்வர் மூச்சுத் திணற, லினக்ஸ் தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு, அதிகம் தின்னும் வடிகட்டியையே கொன்றுவிடுகிறது. மெமரியைக் கூட்டியதும் நோய் தீர்ந்தது. நெட்காரர்மீது முதலாளிக்கிருந்த சந்தேகம்தான் தீரவில்லை.

வடிகட்டி விழித்திருக்கிறதா என்னும் பரீட்சைக்கு நிஜ வைரஸைத் தேடிப் போக வேண்டியதில்லை. ‘ஐகார்’ என்னும் 68 எழுத்துக் கோவை தீங்கேதும் செய்யாதது; ஆயினும் வடிகட்டிகள் அதை வைரஸாகவே பாவிப்பதென்று ஓர் உடன்பாடு. வெளி மின்னஞ்சல் சேவையொன்றின் கணக்கிலிருந்து அனுப்பினால் அந்தச் சேவையே அதை மடக்கிவிடவும் கூடும். ஆதலால் பிடித்தது நம் வடிகட்டிதானா என்பதை நம் லாக்கிலேயே பார்க்க வேண்டும்.

பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிய ஜிப்பை மாத்திரம் வடிகட்டியால் அவிழ்க்க இயலாது. பாகங்களின் டிராயிங் அப்படி வரும்போது, தடுத்தால் வேலை கெடும், விட்டால் அபாயம். தனியே நிறுத்திவைத்து, அனுப்பியவருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு விடுவிப்பதே சிப்காட்டில் நான் கண்ட வழக்கம்.